வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்குப் பென்ட்ரி அலுமாரி: வாங்கும் முன் தரத்தை எவ்வாறு கணிப்பது?

வெள்ளவத்தை வாசகி

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அண்மையில் உள்ள பழைய தொடர்மாடியொன்றில் குடியிருக்கிறோம். சமையலறையைத் திருத்தி அமைப்பதற்காக, எல் வடிவில் ஏறத்தாழ 16 அடி நீளத்துக்குக் கீழ் அலுமாரிகளும், ஒரு பக்கச் சுவரில் மேல் அலுமாரிகளும் செய்ய மூன்று இடங்களில் விலைமனு பெற்றிருக்கிறேன். ஒருவர் எம்.டி.எப். பலகையையும் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது), இன்னொருவர் பிளைவுட்டையும், மூன்றாமவர் அலுமினியச் சட்டத்தையும் பரிந்துரைக்கிறார்கள். விலைகளுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது. ஆனால் காட்சியறையில் கதவுகளை மூடி வைத்துப் பார்க்கும்போது எல்லாமே ஒரேயளவு அழகாகத் தெரிகின்றன.

இப்போது இருக்கும் அலுமாரியில் சிங்க்கின் கீழ்ப் பலகை ஊதிப் பெருத்துவிட்டது. பிணைச்சல்கள் துருப்பிடித்து, இரண்டு கதவுகள் தொங்குகின்றன. அதே நிலை மீண்டும் வரக் கூடாது என்பதே என் கவலை. தச்சுவேலை அறியாத ஒருவர், விற்பனையாளரின் சொல்லை மட்டும் நம்பியிராமல், தம் கண்ணாலும் கையாலும் எவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

தெஹிவளைத் தச்சர்

சகோதரி, கதவை முதலில் பார்க்காதீர்கள். அலுமாரியில் மிக எளிதாக அழகுபடுத்தக்கூடிய பகுதி கதவுதான். பழுதானால் பின்னர் மாற்றிக்கொள்ளக்கூடியதும் அதுவே. அதைத் தாங்கி நிற்கும் பெட்டி பழுதானால், மேலே இருக்கும் கிரனைட்டைக் கழற்றாமல் ஒன்றும் செய்ய இயலாது. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிரனைட், இரண்டடி அகலத்தில் ஒரு மீற்றர் நீளத்துக்கு முப்பது கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. அந்தப் பாரத்தைச் சுமக்கும் பலகைகளைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

காட்சியறையில் ஒரு கீழ் அலுமாரியைத் திறந்து, உள்ளே தலையைக் குனிந்து பின்பலகையைப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் தகட்டைப் பின்புறமாக வைத்துச் சிறு ஆணிகளால் அறைந்திருந்தால், அது தூசியை மறைக்குமேயன்றிப் பெட்டியை விறைப்பாக நிறுத்தாது. 6 அல்லது 9 மில்லிமீற்றர் பலகையைப் பக்கப் பலகைகளில் வெட்டிய தவாளிப்புக்குள் செருகிப் பசையிட்டிருந்தால், அப்பெட்டி ஒரு பக்கமாகச் சாயாது. சுவரில் பொருத்தாத மாதிரிப் பெட்டி ஏதேனும் கிடைத்தால், அதன் மேல் மூலையில் கையை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சதுரம் குலைந்து சரிவதைக் கண்டால், வேறெதையும் சோதிக்கத் தேவையில்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். தட்டின் முன் ஓரத்தில், வெட்டுமுகத்தை மூடும் ஓரப்பட்டியை எல்லோரும் ஒட்டுவார்கள். பக்கப் பலகையின் கீழ் ஓரத்திலும், பின் ஓரத்திலும், சிங்க்குக்காக வெட்டிய துளையைச் சுற்றியும் அது இருக்கிறதா என்பதே முக்கியம். மெலமைன் ஒட்டிய பலகையின் முகப்பு வழியாக நீர் எளிதில் புகாது. வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான் புகும். உங்கள் பழைய அலுமாரியின் அடிப்பலகை ஊதியதற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருந்திருக்கும். ஓரப்பட்டியின் நுனியை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். நகத்தோடு எழும்பி வந்தால், சமையலறையின் வெப்பத்தில் அது தானாகவே உரியும். கதவுகளின் ஓரத்துக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றர் பட்டி நல்லது. உள்தட்டுகளுக்கு அதனிலும் மெல்லியது போதும்.

இணைப்புகளையும் கவனியுங்கள். எம்.டி.எப். பலகையின் தடிப்புக்குள், முன்கூட்டித் துளையிடாமல் திருகாணியை முடுக்கினால் பலகை உள்ளே பிளந்துவிடும். திருகாணியைச் சுற்றி மேற்பரப்பு சற்றே மேடாகத் தெரிவது அதன் அடையாளம். மரமுளையும் பசையும் சேர்ந்த இணைப்பை நான் விரும்புகிறேன். கழற்றிப் பூட்டக்கூடிய உலோகப் பூட்டுகளும் தகுந்தவையே. ஆனால் அவற்றுக்கான துளைகள் இயந்திரத்தால் துல்லியமாக இடப்பட்டிருக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் அடித்த ஆணிகளை மட்டும் நம்பி நிற்கும் பெட்டியை வாங்க வேண்டாம்.

லாச்சியை முழுமையாக வெளியே இழுத்து, அதன் முன்பகுதியைக் கையால் கீழ்நோக்கி அழுத்துங்கள். சற்று இறங்குவது இயல்பு. உரசலும் கடகடப்பும் இருக்கக் கூடாது. பின்னர் அடித்தகட்டை நடுவில் அழுத்திப் பாருங்கள். நான்கு பக்கத் தவாளிப்புக்குள் அமர்ந்த தகடு நிலைத்து நிற்கும். கீழிருந்து ஆணியடித்து ஒட்டவைத்த தகடு, சட்டிகளின் பாரத்தில் சில ஆண்டுகளில் கழன்று விழும்.

நம் வீடுகளில் சமையலறைத் தரையை நீரூற்றிக் கழுவும் வழக்கம் இருப்பதால், பெட்டியின் பக்கப் பலகை தரையைத் தொடவே கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நான்கு அங்குல பிளாஸ்டிக் கால்களின் மேல் பெட்டியை நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய மறைப்புப் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். பலகையைப் பொறுத்தவரை, என் தெரிவு பெட்டிக்குப் பிளைவுட்தான். திருகாணியை ஒருமுறை கழற்றி மீண்டும் முடுக்கினாலும் அது பிடித்துக்கொள்ளும்.

உள்ளக வடிவமைப்பாளர், பம்பலப்பிட்டி

தச்சர் ஐயா கூறியவற்றில் பெரும்பாலானவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். பலகையைப் பற்றி மட்டும் சற்று மாறுபட்ட கருத்து எனக்கு உண்டு. "பிளைவுட்" என்ற பெயர் தனியே எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அடுக்குகளுக்கிடையே வெற்றிடங்கள் உள்ள மலிவான பிளைவுட்டைவிட, ஓரங்கள் யாவும் ஒழுங்காக மூடப்பட்ட, ஈரத்தைத் தாங்கும் வகை எம்.டி.எப். பலகை நீண்டகாலம் உழைக்கும். ஆகவே எதைத் தெரிவு செய்தாலும் அதன் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். பிளைவுட்டின் வெட்டுமுகத்தில் கறுப்பு நிறத் துளைகளோ, ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் ஏறி மடிந்திருப்பதோ தெரிந்தால், பிணைச்சலின் திருகாணி அந்த இடத்தில் பிடிக்காது. இந்தியப் பிளைவுட் ஆனால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் தர எண்ணைக் கேளுங்கள்: ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கு உரியது, ஐ.எஸ். 710 கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட மரைன் வகை. சிங்க்குக்குக் கீழே இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன்.

ஈரத்தைத் தாங்கும் எம்.டி.எப். பலகையின் உட்பகுதி பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அந்தப் பச்சை, பலகையை அடையாளம் காண்பதற்காகச் சேர்க்கப்படும் சாயம் மாத்திரமே. ஈரத்தைத் தாங்குவது அதன் பசையே தவிர நிறமன்று. எனவே பச்சையைக் கண்டதும் திருப்தியடையாமல், அதே பலகையின் வெட்டுத் துண்டொன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் தடிப்பை அளந்து குறித்துக்கொண்டு, 24 மணிநேரம் நீரில் அமிழ்த்தி வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஐரோப்பியத் தரநிலையில் 18 மில்லிமீற்றர் அளவிலான சாதாரண எம்.டி.எப். பலகைக்கு அனுமதிக்கப்படும் ஊதல் 12 வீதம். ஈரந்தாங்கும் வகைக்கு 8 வீதம். அதாவது முன்னையது இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேலும், பின்னையது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றரும் பெருக்கலாம். வீட்டுச் சோதனை ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், துண்டு நார்நாராகப் பிரிந்து பிதுங்கினால் முடிவெடுக்க அது போதும்.

தட்டுகளின் நீளத்தை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரே அளவில் பொருள்களைப் பரப்பி அடுக்கும்போது, தட்டின் வளைவு அதன் நீளத்தின் நான்காம் அடுக்குக்கு (நீளத்தை நான்கு தடவை எழுதிப் பெருக்கி வரும் அளவுக்கு) ஏற்பக் கூடும். இரண்டடித் தட்டோடு ஒப்பிடும்போது மூன்றடித் தட்டு ஐந்து மடங்கு வளையும். தடிப்பை 16 மில்லிமீற்றரிலிருந்து 18 ஆக உயர்த்தினால் விறைப்பு ஏறத்தாழ 40 வீதம் கூடும். அரிசியும் பருப்பும் கண்ணாடிப் போத்தல்களும் அடுக்கப்போகும் தட்டு மூன்றடி நீளத்தில் வரைபடத்தில் இருந்தால், நடுவில் ஒரு தாங்கு பலகையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடற்கரைக்கு அருகில் இருப்பதால் உலோகப் பாகங்கள் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியமானவை. உப்புக் காற்று முதலில் தாக்குவது பிணைச்சல்களையும் லாச்சித் தண்டவாளங்களையுமே. விலைமனுவில் "வெளிநாட்டுப் பிணைச்சல்" என்று மட்டும் எழுதுவதை ஏற்காதீர்கள். புளூம், ஹெட்டிச் போன்ற உற்பத்தியாளர்களின் பெயர் பிணைச்சலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெயரையும் வகையையும் எழுத்தில் கேளுங்கள். கதவின் உயரம் மூன்றடி வரை என்றால் இரண்டு பிணைச்சல்கள் போதும். அதைவிட உயர்ந்த கதவுக்கு மூன்று தேவை. கதவு மெதுவாக மூடுவது வசதியே தவிர, அதனை வலிமைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இன்னொன்று: அலுமாரியைத் திறந்ததும் கண்ணை எரிக்கும் நெடி வந்தால், அது பலகையின் பசையிலிருந்து வெளியேறும் ஃபோமல்டிஹைட் வாயுவாக இருக்கலாம். பலகை, அவ்வாயு வெளியேறும் அளவுக்கு வரம்பிடும் ஈ1 தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு, உற்பத்தியாளரின் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காற்றோட்டம் குறைந்த தொடர்மாடிச் சமையலறைகளில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி

எங்கள் வீட்டில் அலுமினியச் சட்ட அலுமாரிதான் இருக்கிறது. கறையான் தொல்லை இல்லை, ஈரத்தில் ஊதுவதும் இல்லை. ஆயினும் அலுமினியம் என்றவுடன் தரத்தைச் சோதிக்க வேண்டியதில்லை என்று எண்ணாதீர்கள். சட்டத்தின் சுவர் மெல்லியதாக இருந்தால், ரிவெட் அடித்த மூலைகள் தளர்ந்து கதவுகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத உருக்கினாலானவையா என்பதையும் விசாரியுங்கள். சாதாரண இரும்புத் திருகாணி உப்புக் காற்றில் அலுமினியத்தையும் சேர்த்து அரித்துவிடும்.

காஸ் சிலிண்டரை உள்ளே வைக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பெட்டிக்கு அடிப்பலகை போடாமல் சிலிண்டரை ஓட்டுத் தரையிலேயே நிறுத்துங்கள். 12.5 கிலோ வாயுவோடு உருளையின் நிறையும் சேர்ந்து, மாற்றும் ஒவ்வொரு முறையும் பலகையைச் சுரண்டும். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கீழேதான் தங்கும். ஆகையால் அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். துளைகளை மேலே மட்டும் இட்டால் பயனில்லை.

வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மீண்டும் ஒரு காட்சியறைக்குச் சென்று பின்பலகையைப் பார்த்தேன். தச்சர் ஐயா சொன்ன அதே 3 மில்லிமீற்றர் தகடு. மேல் அலுமாரிகளும் அந்தத் தகட்டின் ஊடாகவே சுவரில் திருகாணியால் பொருத்தப்படும் என்று விற்பனையாளர் கூறினார். அது போதுமானதா? முற்பணம் செலுத்துவதற்கு முன் எவற்றையெல்லாம் எழுத்தில் பெற வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தெஹிவளைத் தச்சர்

போதாது, சகோதரி. மேல் அலுமாரியில் பீங்கான் கோப்பைகளும் மாப் பேணிகளும் நிறையும்போது, முழுப் பாரமும் அந்த மெல்லிய தகட்டின் நான்கு துளைகளில் தொங்கும். சுவரில் உருக்குத் தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி, பக்கப் பலகைகளில் பூட்டிய கொக்கிகளால் பெட்டியை அதில் மாட்டுவது சிறந்த முறை. அது இயலாவிட்டால், பின்பலகைக்குள்ளே மேலும் கீழும் 18 மில்லிமீற்றர் தடிப்பில் குறுக்குப் பலகைகளைப் பக்கப் பலகைகளோடு இணைத்து, அவற்றின் ஊடாகச் சுவருக்குத் திருகாணி செலுத்த வேண்டும். பழைய தொடர்மாடிகளில் உட்சுவர் பூச்சு சில இடங்களில் பொருமியிருப்பதால், துளையிடும்போது தூளாக உதிர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

விலைமனுவில் "எம்.டி.எப். பென்ட்ரி, அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். பெட்டி, கதவு, பின்பலகை ஆகிய மூன்றின் பலகை வகையும் தடிப்பும், ஓரப்பட்டி எந்தெந்த ஓரங்களில் எவ்வளவு தடிப்பில் வரும் என்பதும், பிணைச்சல், தண்டவாளம் ஆகியவற்றின் உற்பத்தியாளர் பெயரும், மேல் அலுமாரியைப் பொருத்தும் முறையும், உத்தரவாதம் எவற்றை உள்ளடக்கும் என்பதும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் சோதித்த பலகைத் துண்டின் எஞ்சிய பகுதியில் இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வந்திறங்கும்போது ஒப்பிடலாம். செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு பெறுங்கள். பிணக்கு ஏற்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடும்போது அவைதான் கைகொடுக்கும்.

பெட்டிகள் வந்ததும், கிரனைட் ஏறுவதற்கு முன், ஒவ்வொன்றின் மூலைவிட்டங்களையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் பெட்டி சதுரமாக இருக்கிறது. ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் கதவுகள் ஒருபோதும் நேராக அமையா. எல்லாம் பொருத்தி முடிந்தபின், சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரே தடவையில் நீரைத் திறந்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு குழாய் இணைப்பையும் காய்ந்த கடதாசியால் தொட்டுப் பாருங்கள். கடதாசி நனையாமல் இருந்தால் மிகுதித் தொகையைக் கொடுக்கலாம்.