கொல்லையில் தீனித் தட்டு: மார்கழியில் சில்லைகள் வருமா?

கேள்வி (மன்னார்குடி): குளிர்நாடுகளில் வீட்டுத் தீனித் தட்டுக்கே அபூர்வமான ஃபிஞ்ச் குருவிகள் வருகின்றன. நம் பக்கம் சில்லை (முனியா) எனும் விதை தின்னும் சிறு குருவிகளில் சிவப்புச் சில்லை, கருந்தலைச் சில்லையை அப்படி வரவழைக்க முடியுமா? நொய்யரிசி வைத்தால் காக்காயும் மைனாவும்தான் வருகின்றன.

பதில் 1 (திருவாரூர்): அங்கே வடகாட்டு மரங்களில் விதை பொய்க்கும் ஆண்டுகளில் ஃபிஞ்சுகள் கூட்டமாகத் தெற்கே இறங்கும். சில்லைகள் வேறு குடும்பம், இங்கேயே வாழ்பவை. நொய்யை நிறுத்திவிட்டு உமி நீக்காத தினை, சாமை வையுங்கள். தீட்டிய தானியம் ஈரக்காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அடியில் துளையிட்ட மண்தட்டு, ஆளுயரத்தில், மழைச்சாரல் படாத இடம். ஒரு நேரத்துக்கு 2 கைப்பிடி போதும். சில்லை உமியைத் தட்டிலேயே உரித்துப் போடும். தட்டு நிறைந்திருப்பதுபோல் தெரியும், உள்ளே தானியம் இருக்காது. தினமும் உமியை ஊதித் தள்ளுங்கள். ஈரம் பட்டதைக் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பூனை பதுங்கும் புதர் அருகில் வேண்டாம்.

பதில் 2 (பாபநாசம்): தட்டைவிட நெற்கதிர்க் குஞ்சம் மேல். தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுவது நம் வழக்கம்தானே! காக்காய்க்குக் காலூன்ற இடமில்லை, சில்லை கதிரையே பற்றிக்கொண்டு தின்னும். சணல் கயிற்றில் கட்டுங்கள். நைலான் நூலில் கால் சிக்கும். ஆனால் குஞ்சத்துக்குப் புள்ளிச் சில்லை, வெண்முதுகுச் சில்லை வரலாம், சிவப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது கோரையும் நாணலும் உள்ள நீர்க்கரையை விட்டு எளிதில் வராது. வடுவூர் ஏரிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் வாத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். விடிந்து 2 மணி நேரத்துக்குள் கரையோரப் புல்லையும் பைனாகுலரில் துழாவுங்கள். தை அறுவடை தொடங்கினால் வயலெல்லாம் சிந்திய நெல். அப்போது சில்லை குஞ்சத்தைச் சீந்தாது.

பதில் 3 (வேதாரண்யம்): அடையாளத்தில் ஏமாறாதீர்கள். இளம் புள்ளிச் சில்லைக்குப் புள்ளி கிடையாது, இளம் கருந்தலைக்குக் கருந்தலை கிடையாது. இரண்டும் வெறும் பழுப்பு. கூட இருக்கும் வளர்ந்த பறவைகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தனியாக நின்றால் 'சில்லை' என்று மட்டும் குறியுங்கள். சிவப்புச் சில்லையில் பெட்டைக்கும் வால் மேலே சிவப்பு உண்டு, அதைத் தேடுங்கள். சிவப்புச் சில்லை கூடு கட்டும் இடம் தெரிந்தால் பொதுவில் போடாதீர்கள். கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் விற்கிறார்கள், அது சட்டப்படி குற்றம்.

கேள்வி கேட்டவர்: கொல்லையில் ஒரு மூலைப் புல்லை வெட்டாமல் விதை பிடிக்க விட்டால்?

பதில் 2: அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். குதிரைவாலிப் புல் முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள்.