ஊரில் சொல்லும் 'நல்ல கம்பெனி'யை நம்பி அமீரகம் வந்தவர்களுக்கு

போன லீவுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்துக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, நீங்க முன்னால இருந்த கம்பெனியிலதான் எனக்கும் கெடச்சிருக்கு. நல்ல கம்பெனிதானே?" என்று கேட்டான். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, டிக்கெட்டும் வந்துவிட்டது. அவனைப் பாபநாசம் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், நடந்துகொண்டே பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போலப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படும்.

நான் 2008-ல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கட்டுமான வேலை எடுத்துச் செய்கிற கம்பெனி, எனக்கு ஸ்டோரில் வேலை. அப்போது அது உண்மையாகவே நல்ல இடம். மாதம் முடியுமுன் 28-ம் தேதியே சம்பளம் வந்துவிடும். முதலாளி சைட்டுக்கு வந்தால் மேஸ்திரி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். எங்கள் ஃபோர்மேன் 12 மணிக்கே நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் நிழலில் மோர் ஊற்றிக் கொடுப்பார். ஒரு தடவை மேனேஜருக்குப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிப் போனேன். அதைத் தன் அறைச் சுவரில் மாட்டிவைத்தார். அந்த மரியாதை இருந்ததால்தான் எங்கள் தெருவிலிருந்தும் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்தும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் முதலாளிக்கு வயதாகிவிட்டது. பங்குகள் கைமாறின. புதிதாக வந்தவர்கள் யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. நிறைய வேலை பிடிக்க வேண்டும் என்று குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தார்கள். அந்தக் குறைவை எங்கேயாவது சரிக்கட்ட வேண்டும் அல்லவா? அது மேலிருந்து இறங்கி இறங்கி எங்கள் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது.

ஒரு கம்பெனி சரிவது ஸ்டோரில் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும் என்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்த சேஃப்டி ஷூவை வருடத்துக்கு ஒன்று என்றார்கள். கையுறை மெலிசாகிவிட்டது. பல வருடம் கடனுக்குச் சரக்குப் போட்ட கடைக்காரர் "இந்தத் தடவை காசு கொடுத்து எடுத்துக்கோங்க" என்று சொன்ன அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்தது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான்.

இதையெல்லாம்விட என்னை உறுத்திய சங்கதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் உயரத்தில் வேலை செய்கிறவன் சேஃப்டி பெல்ட்டில் நூல் பிரிந்திருந்தால் கொண்டுவந்து போடுவான். நான் ஒன்றும் கேட்காமல் புதுசு கொடுப்பேன். "நல்லவேளை பார்த்தே" என்று ஃபோர்மேனும் அவனைத் தட்டிக்கொடுப்பார். பிறகு ஒரு உத்தரவு வந்தது. யார் கிழித்தது என்று எழுதி வாங்கு, அவன் கணக்கில் பிடி. ஒரே மாதத்தில் ஸ்டோருக்குக் கிழிந்த பெல்ட் வருவது நின்றுவிட்டது. மாத அறிக்கையில் அதைச் சாதனையாகக் காட்டினார்கள். பையன்கள் கிழிசலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் தப்பைச் சொன்னவனுக்குத் தண்டனை என்று ஆகிவிட்டால், அன்றிலிருந்து அது பழைய இடம் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் இதை மட்டுமாவது கவனியுங்கள். காலையில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்கிறார்களா, இல்லை வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்தது சம்பளக் காகிதம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறோம். வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் சம்பளம். ஓவர்டைமுக்கும் அடிப்படைதான் கணக்கு. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மொத்தம் 2,500 திர்ஹத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 1,800 ஆக இருந்த அடிப்படையை 1,000 ஆக்கி, மிச்சத்தை அலவன்ஸ் என்று எழுதிவிட்டார்கள். "மொத்தம் அதேதான்" என்றார்கள். நானும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். 12 வருட வேலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படை 1,800 என்றால் 18,900 திர்ஹம் வரும். 1,000 என்றால் 10,500 தான். அந்த 8,400 திர்ஹம் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு அறை.

அந்த வருடமே நல்லவர்கள் கிளம்பிவிட்டார்கள். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மோர் கொடுத்த ஃபோர்மேன் "பிள்ளை படிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா "அம்மாவுக்கு முடியல" என்றார். இரண்டு பேரும் மூன்று மாதத்தில் வேறு கம்பெனியில் இருந்தார்கள். பொறுப்பானவர்கள் அடுத்தடுத்து வீட்டுக் காரணம் சொல்லிக் கிளம்பினால், அந்தக் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் ஊரில் அது 'நல்ல கம்பெனி'தான். ஊருக்குப் பெயர் பத்து வருடம் பிந்திப் போய்ச் சேரும். இது எனக்கு எங்கள் அப்பாவைப் பார்த்துப் புரிந்தது. பாபநாசம் அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில்லில் அப்பா வேலை பார்த்தார். எங்கள் ஊரே மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குத் தூங்கியது. பெண் கொடுப்பவர்கள் மில் வேலையா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். ஆனால் அதே ஹார்வி நிர்வாகத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி கடைசியில் ஞாயிறு விடுமுறை, வேலை நேரக் குறைப்பு, கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கேட்டதை வாங்கவும் செய்தார்கள். ஆக, தாத்தா காலத்தில் ஒன்று, அப்பா காலத்தில் வேறொன்று. அதனால்தான் அப்பா, "கம்பெனி எப்படின்னு கேக்காத, இப்ப அங்க யாரு இருக்கான்னு கேளு" என்பார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாலு வருடம் கூடுதலாக இருந்துவிட்டேன்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல் கூடுதல். விசாவும் தங்குமிடமும் வேலையோடு கட்டியிருக்கின்றன. எங்கள் பக்கத்து மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1929-ல் ஒரு கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 2024-ல் அந்தக் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து முடித்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போனது. அதனால் நிலைமை நன்றாக இருக்கும்போதே காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், மாதச் சம்பளம் வந்த பேங்க் விவரம், ஓவர்டைம் குறித்த நோட்டு, எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். கம்பெனி போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி தவறு. விசாச் செலவும் கம்பெனியுடையது. தேதி தாண்டியும் சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். வேலை முடிந்தால் 14 நாளில் முழுக் கணக்கும் தீர்க்க வேண்டும்.

"அப்படியானால் உடனே விட்டுவிடலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம்மா. அவசரப்பட்டுப் போனால் நோட்டீஸ் காலச் சம்பளத்தை நீங்கள் கட்டவேண்டி வரும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள், 30-லிருந்து 90 நாளுக்குள் இருக்கும். வேறு ஆஃபர் கையில் வந்த பிறகு எழுத்தில் கொடுங்கள். வீட்டில் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். "அவ்வளவு நல்ல கம்பெனிய விட்டுட்டியா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்று பயந்துதான் நான் அந்த நாலு வருடத்தையும் தொலைத்தேன்.

அந்தத் தம்பி வந்து இறங்கிப் பத்து நாள் ஆகிறது. ஊரில் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரும் இங்கே கொடுக்கும் ஒப்பந்தமும் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி இரண்டையும் படம் எடுத்து அனுப்பினான். அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. "கேம்ப்ல பழைய ஆளு யாராவது இருக்காங்களால?" என்று கேட்டேன். மெஸ்ஸில் சமைக்கும் ஒரு சேரன்மகாதேவி அண்ணாச்சி மட்டும் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.