மெக்சிகோ ஏழைப் பெண்களுக்கு அரசு "அதிகமாக" கொடுத்ததாம்

கயல்விழி:
நேற்று இன்னொரு இழையில் மாறன் எழுதியது இது: "மெக்சிகோவில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் படிக்க ஆண்பிள்ளைகளைவிட அதிகமாகவே அரசு பணம் கொடுத்தது. அப்படியும் பதினாறு வயதில் ஒருவனோடு குடும்பம் நடத்தப் போனால் அது அவர்களுடைய தேர்வு."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொல்வது, ஏழைக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் கொடுத்த, 1997ல் வந்த புரோகிரெசா திட்டம். தொடக்கப் பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகைதான். ஏழாம் வகுப்பிலிருந்து, அதாவது செகுந்தாரியா எனும் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் பெண்ணுக்குக் கூடுதல். ஏன்? அந்த வகுப்பில்தான் கிராமத்துப் பெண்கள் அதிகமாக நின்றுபோனார்கள். பெண்கள் நிற்கிறார்கள் என்பதால் கொடுத்த காசையே காட்டி, அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பது என்ன நியாயம்?

மாறன்78:
அதிகம் கொடுத்தார்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் சொல்லுங்கள் தங்கச்சி.

கயல்விழி:
ஏழாம் வகுப்பிலிருந்து. முதலில் நான் உங்கள் தங்கச்சி இல்லை. போன மாதம் நூறு நாள் வேலை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் கூப்பிட்டீர்கள், அப்போதே வேண்டாம் என்றேன்.

மாறன்78:
ஆக, அதிகம் கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

பாலா (மான்டெர்ரே):
புத்தகத்தில் படித்துவிட்டு எழுதுபவர்களுக்கு நடுவே, அங்கே மூன்று வருடம் இருந்தவன் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு மாக்கிலா எனும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் பஸ்களில் இளம்பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். கையில் சொந்தச் சம்பளம், வீட்டில் மரியாதை. எங்கள் குடியிருப்பில் தெற்கே ஒவாஹாக்கா மாநிலத்திலிருந்து வந்து தங்கி வேலை செய்த பெண்ணும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். எல்லோரையும் பாவப்பட்டவர்களாகக் காட்ட வேண்டாம்.

கயல்விழி:
பாலா அண்ணே, அந்த பஸ்ஸை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். மாக்கிலாக்களில் வேலைக்கு எடுக்கும்போதே கர்ப்பப் பரிசோதனை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996லேயே வெளியிட்டது. கர்ப்பம் என்றால் வேலை கிடையாது. 2001 நவம்பரில் அமெரிக்க எல்லையோர நகரமான சியுதாத் ஹுவாரெஸில் ஒரு பருத்திக் காட்டில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அதில் ஒருத்திக்கு வயது 20, மாக்கிலா தொழிலாளி. சில நிமிடம் தாமதமாகப் போனதற்குத் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள், வீடு வந்து சேரவில்லை. அந்த வழக்கில்தான் 2009ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசே பொறுப்பு என்றது.

அப்புறம் அந்த ஒவாஹாக்கா பெண். வீட்டு வேலை செய்பவர்களைக் கட்டாய சமூகப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2018 டிசம்பரில்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள்? உங்களுக்குத் தெரியுமா?

பாலா (மான்டெர்ரே):
நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். என் குடும்பத்தை இழுக்காதீர்கள்.

கயல்விழி:
அவளை இங்கே இழுத்து வந்தது நீங்கள்.

வடக்குவீதி:
2024 அக்டோபரில் க்ளாவுதியா ஷேன்பாம் என்ற பெண் அங்கே அதிபரே ஆகிவிட்டார். பெண்களுக்கு வழியில்லாத நாட்டிலா இது நடக்கும்?

கயல்விழி:
அவருடைய அப்பா, அம்மா இருவரும் அறிவியல் படித்தவர்கள், தலைநகரத்துக் குடும்பம். நான் பேசுவது ஏழை வீட்டுப் பெண்களை. எவ்ஃப்ரோசினா க்ரூஸைத் தெரியுமா? ஒவாஹாக்கா மலையில் சாந்தா மரியா கியெகோலானி ஊர்க்காரர், சாப்போதெக் பழங்குடி. 2007ல் சொந்த ஊரிலேயே நகராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். பெண் என்பதற்காக அவருக்கு விழுந்த ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.

மாறன்78:
ஊரெல்லாம் சுற்றுகிறீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. அதிகம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் என் அக்காவுக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அவள் படித்தாள், இன்று தலைமையாசிரியை. மனசு இருந்தால் போதும்.

கயல்விழி:
உங்கள் அக்காவை நான் வணங்குகிறேன், அவர் பட்ட கஷ்டம் நிஜம். ஆனால் இதைப் பாருங்கள். புரோகிரெசா பணம் அம்மா கைக்குத்தான் வந்தது. அது நிற்காமல் வர வேண்டுமானால் அம்மா மருத்துவமனைக்குப் போக வேண்டும், சுகாதாரக் கூட்டத்தில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? மூத்த மகள்! "தேர்வு" என்று சொன்னீர்களே, 2019 வரை கூட்டாட்சி உரிமையியல் சட்டத்தில் பெற்றோர் சம்மதத்தோடு ஆணுக்குத் திருமண வயது 16, பெண்ணுக்கு 14. பையனைவிட இரண்டு வருடம் முன்னதாகக் கட்டிக்கொடுக்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருந்தது. சம்மதம் கொடுப்பவர் அப்பா, அம்மா. இதில் அந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தது?

வடக்குவீதி:
அங்கே 2014லேயே 18 என்று சட்டம் வந்துவிட்டது. அரைகுறைத் தகவல்.

கயல்விழி:
2014ல் வந்தது குழந்தை உரிமைப் பொதுச் சட்டம், மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது. உரிமையியல் சட்டம் மாறியது 2019ல். நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

வடக்குவீதி:
இரண்டும் ஒன்றுதான்.

கயல்விழி:
ஒன்றில்லை. அந்த ஐந்து வருட இடைவெளியில் எத்தனை பிள்ளைகள்!

பாலா (மான்டெர்ரே):
மேடம் மட்டும்தான் பேசுகிறார். மற்றவர்கள் வாயைத் திறந்தாலே பாடம் நடத்துகிறார். நேரில் பார்த்தவனுக்கு இங்கே மதிப்பில்லை என்றால் நான் எதற்கு எழுத வேண்டும்?

கயல்விழி:
எழுதுங்கள் அண்ணே. அவள் பெயர் என்ன, எந்த வயதில் வேலைக்கு வந்தாள், எத்தனை வகுப்பு படித்தாள் என்று நீங்கள் அவளிடம் கேட்டிருந்தால், அதை எழுதுங்கள். நான் படிக்கிறேன்.

மாறன்78:
மூன்றாவது முறை கேட்கிறேன். அதிகம் கொடுத்தார்களா, இல்லையா?

கயல்விழி:
ஏழாம் வகுப்பிலிருந்து. அதுவும் 2019ல் திட்டத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த பெனித்தோ ஹுவாரெஸ் உதவித்தொகை மேல்நிலைப் படிப்புக்கு 2019ல் மாதம் 800 பெசோவாக இருந்தது, பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மாறன்78:
அப்போது அதிகம் கொடுத்தார்கள் என்கிறேன்.

கயல்விழி:
ஏழாம் வகுப்பிலிருந்து.