பிக் ஸ்டார் விற்காமல் போனது யார் தப்பு?

கேசட்கடை
நேற்று வேறொரு இழையில் ஒருவர், பிக் ஸ்டார்தான் ராக் உலகத்திலேயே அதிர்ஷ்டம் கெட்ட குழு என்று உருகியிருந்தார். இந்த ஒப்பாரியைக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் தனி இழை. 1971-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் நாலு பையன்கள் சேர்கிறார்கள்: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ். 1974 முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். இதில் அதிர்ஷ்டக் குறை எங்கே இருக்கிறது? ஆர்டென்ட் ஸ்டுடியோ முதலாளி ஜான் ஃப்ரை ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்து, ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டுடியோவையே திறந்துவிட்டார். எந்தப் புதுக் குழுவுக்குக் கிடைக்கும் இது? சில்டன் பாக்ஸ் டாப்ஸ் குழுவில் 16 வயதிலேயே அமெரிக்காவின் நம்பர் 1 பாட்டைப் பாடியவர். தொழில் தெரியாத அப்பாவி இல்லை. இவ்வளவு இருந்தும் ஊர் ஊராகப் போய் அதிகம் வாசிக்கவில்லை. முதல் ஆல்பம் வந்த வருடமே பெல் வெளியேறிவிட்டார். இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

வினைல்வெறியன்
கேசட்கடை சார், வியாபாரம் பார்த்தவர் என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு விநியோகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

1972-ல் முதல் ஆல்பம் "நம்பர் 1 ரெக்கார்ட்" வந்தது. ஆர்டென்ட் லேபிள், விநியோகம் ஸ்டாக்ஸ் கம்பெனி. பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் தட்டு இல்லை. ஸ்டாக்ஸால் போதுமான பிரதிகளைக் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. அப்புறம் அதே வருடம் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியா என்ற பெரிய ரெக்கார்ட் கம்பெனியிடம் ஒப்படைத்தது. இனியாவது நல்ல காலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஸ்டாக்ஸ் அதுவரை நம்பியிருந்த சின்ன விநியோகஸ்தர்கள் கொலம்பியாவுக்கு வேண்டாம். அவர்கள் மூலம் கடைக்குப் போயிருந்த கொஞ்ச நஞ்ச பிரதிகளும் திரும்ப எடுக்கப்பட்டன. மொத்தமாக விற்றது 10,000-க்கும் குறைவு.

பிக் ஸ்டார் என்பது ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்த மளிகைக் கடைச் சங்கிலியின் பெயர். கடைப் பெயரை வைத்துக்கொண்டும் கடையில் இடம் கிடைக்கவில்லை!

கேசட்கடை
தம்பி, பதினோரு வருடம் கேசட் கடையில் நின்றவன் நான். சரக்கு வராத கதை எனக்குத் தெரியாதா? ஆனால் ஆள் வந்து நாலு தடவை கேட்டால் எந்தக் கடைக்காரனும் எங்கிருந்தாவது வரவழைப்பான். கேட்கவைக்கிற வேலை கச்சேரியும் ரேடியோவும் செய்வது. இவர்கள் போதுமான கச்சேரி செய்யவில்லை என்பதுதான் என் புகார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

டிரம்ஸ்_மீனா
இரண்டு பேரும் ஸ்டாக்ஸ் எப்படிப்பட்ட கம்பெனி என்பதை விட்டுவிட்டீர்கள். ஓடிஸ் ரெடிங், ஐசக் ஹேய்ஸ் வளர்ந்த இடம் அது. சோல் என்கிற கறுப்பின மக்களின் இசையை விற்பதில் கில்லாடிகள். அவர்களுக்குப் பழக்கமான ரேடியோக்காரர்களும் கடைகளும் அந்த உலகத்தைச் சேர்ந்தவர்களே. பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்த நாலு வெள்ளைக்காரப் பையன்களின் கிட்டார் பாட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆக, கொலம்பியா வருவதற்கு முன்பே வண்டி தவறான தண்டவாளத்தில்தான் நின்றது.

பெல் போனதை "தாங்களே கெடுத்துக்கொண்டார்கள்" கணக்கில் சேர்ப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை, சார். அந்த ஆல்பத்துக்கு அதிகம் உழைத்தவர் அவர். விமர்சனங்களோ சில்டனைச் சுற்றியே இருந்தன, விற்பனையும் இல்லை. மனிதர் உடைந்துபோனார். ஹம்மலோடு அடிதடி ஆகி, பெல் அவருடைய பேஸ் கிட்டாரை உடைக்க, ஹம்மல் திருகுளியால் பெல்லின் கிட்டாரைக் குத்தி ஓட்டை போட்டாராம். சண்டை அசிங்கம்தான். ஆனால் எது முதலில் வந்தது என்று பாருங்கள். தட்டு தோற்றது, அதற்கு அப்புறம்தான் கிட்டார் உடைந்தது.

கேசட்கடை
மீனா, வரிசை சரி. ஸ்டாக்ஸ் விஷயமும் நான் யோசிக்காதது. ஆனால் ஒரு தட்டு ஓடவில்லை என்றால் எல்லாரும் கிட்டாரை உடைப்பதில்லையே. 1973 மே மாதம் மெம்பிஸில் ராக் விமர்சகர்கள் மாநாடு நடந்தது. கிட்டத்தட்ட கலைந்துபோயிருந்த குழு அங்கே மூன்று பேராக வாசித்தது, வந்திருந்த எழுத்தாளர்கள் ஆடித் தீர்த்தார்கள். அந்த ஒரு ராத்திரிதான் இரண்டாவது ஆல்பத்துக்கே தெம்பு கொடுத்தது. ஒரு கச்சேரிக்கே இவ்வளவு பலன் என்றால், ஐம்பது வாசித்திருந்தால்? உங்கள் கட்சிக்கு எதிரான சாட்சி இதைவிட வேறு வேண்டுமா?

வினைல்வெறியன்
இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது ஆல்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். கொலம்பியாவில் ஸ்டாக்ஸ் ஒப்பந்தத்தைப் போட்டவர் கிளைவ் டேவிஸ். அதே 1973 மே மாதத்தில் அவரை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். அங்கே ஸ்டாக்ஸுக்காகப் பேச ஆள் இல்லை, உறவு கசந்தது. 1974 தொடக்கத்தில் "ரேடியோ சிட்டி" வரும்போது கொலம்பியா அதைச் சரியாக விநியோகிக்கவே இல்லை. சுமார் 20,000 விற்றது. படம் தயார், தியேட்டர் மட்டும் இல்லை என்கிற நிலைமை. அதிலிருக்கும் "செப்டம்பர் கேர்ள்ஸ்" மாதிரி மூன்று நிமிடப் பாட்டை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனியாவது ஏமாந்திருக்குமா? 1986-ல் பேங்கிள்ஸ் என்ற குழுவினர் அதே பாட்டைத் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள், அந்த ஆல்பம் லட்சக்கணக்கில் போனது. தட்டு கடையில் இருந்ததே காரணம்.

கேசட்கடை
பேங்கிள்ஸ் ஆல்பம் போனது அதிலிருந்த வேறு ஹிட்டுகளால். இந்த ஒரு பாட்டால் இல்லை.

டிரம்ஸ்_மீனா
அதில் சார் பக்கம் நான். :)

மூன்றாவது ஆல்பத்தில் உங்கள் இருவர் வாதமும் நிற்காது. 1974 கடைசியில் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் பதிவானது. ஹம்மல் படிப்பை முடிக்கக் கல்லூரிக்குப் போயாயிற்று, மீதி சில்டனும் ஸ்டீபன்ஸும் மட்டும். இருட்டில் தடவித் தடவி நடப்பது போன்ற பாட்டுகள். கம்பெனி கம்பெனியாகப் போட்டுக்காட்டியும் யாரும் வாங்கவில்லை. 1975 முடிவில் ஸ்டாக்ஸே திவால். தட்டு வெளியே வர 1978 ஆயிற்று. அதை யார் விநியோகித்திருந்தாலும் அன்றைக்கு ஓடியிருக்காது. இன்றைக்கு நான் அதிகம் கேட்பது அதைத்தான், அது வேறு விஷயம்.

அதே 1978 டிசம்பர் 27, கார் விபத்தில் பெல் போய்விட்டார். வயது 27. அவர் சில்டனோடு எழுதிய "இன் தி ஸ்ட்ரீட்" இருபது வருடம் கழித்து ஒரு டிவி தொடரின் தொடக்கப் பாட்டானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

புதுக்காது
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் குழுவை இதுவரை கேட்டதில்லை. எதில் தொடங்குவது?

வினைல்வெறியன்
"ரேடியோ சிட்டி". அட்டையில் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த படம், சிவப்பு விட்டத்தில் தொங்கும் பல்பு. பார்த்ததும் தெரியும்.

கேசட்கடை
முதல் ஆல்பத்திலிருந்தே வாருங்கள் தம்பி. பெல்லும் சில்டனும் சேர்ந்து பாடுவது அதில்தான் இருக்கிறது. எனக்கு இவர்கள் மேல் இவ்வளவு கோபம் வருவதும் அதைக் கேட்டுத்தான். வினைல், கொலம்பியா விஷயத்தில் பாதி உங்களுக்கு. கச்சேரி விஷயத்தில் ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன்.