எலெக்ரிக் கிற்றார் வாங்கப் போறன், நெக் (கை பிடிக்கிற கழுத்துப் பகுதி) எந்த ஷேப் எண்டா கைக்கு சுகம்?

பரந்தன்சந்தி:
வணக்கம் அண்ணைமார், அக்காமார். நான் கிளிநொச்சிப் பக்கம், மோட்டச்சைக்கிள் கராஜ் ஒண்டில வேலை, சேர்ச்சில பாட்டுக்குழுவுக்கு கன காலமா அக்கூஸ்டிக் கிற்றார் வாசிக்கிறன். இப்ப பெடியள் எல்லாரும் சேர்ந்து பாண்ட் ஒண்டு தொடங்கியிருக்கிறம், ட்ரம்ஸ் வந்திட்டுது, கீபோர்ட் வந்திட்டுது, அதுக்குள்ள அக்கூஸ்டிக் சத்தம் ஒண்டும் எடுபடாது, அதால எலெக்ரிக் ஒண்டு எடுக்கத்தான் வேணும். சுவிஸில இருக்கிற மாமா ஆவணியில வரேக்க வாங்கிக்கொண்டு வாறன் எண்டிட்டார், ஆனா எது எண்டு நான்தான் சொல்ல வேணுமாம்.

என்ர கவலை எல்லாம் கைதான். உள்ளங்கை அகலம், விரல் நீளம் காணாது. எஃப் பார் கோட் (சுட்டுவிரலால ஆறு கம்பியையும் சேர்த்து அமத்துறது) பிடிச்சு ஒரு பாட்டு முழுக்க வாசிச்சா பெருவிரலின்ர அடியில இருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் பிடிக்குது. நெட்டில பார்த்தா சி, மொடர்ன் சி, ஸ்லிம் டி, சொஃப்ட் வி, யூ எண்டு இங்கிலிஸ் எழுத்து முழுக்க நிக்குது, சின்னக் கைக்கு மெல்லிய நெக்தான் சரி எண்டு ஒருத்தர், இல்லை எண்டு இன்னொருத்தர். இஞ்ச கடையில தொட்டுப் பார்க்க ஒண்டு ரெண்டுதான் இருக்கு, யாழ்தேவியில ஏறி கொழும்புக்குப் போய்ப் பார்க்க லீவு இல்லை. பிடிச்சுப் பார்க்காம எப்பிடித் தெரிவு செய்யிறது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

வவுனியாக் கம்பி:
தம்பி, நல்ல நேரத்தில கேட்டிருக்கிறீங்கள், ஏனெண்டா கனபேர் கலரையும் பிக்கப்பையும் (கம்பிச் சத்தத்தை எடுக்கிற காந்தம்) பார்த்து வாங்கிப்போட்டு நெக்கைப் பற்றிப் பிறகுதான் யோசிக்கிறவை.

அந்த எழுத்து எல்லாம் நெக்கைக் குறுக்கால வெட்டிப் பார்த்தா பின்பக்க வளைவு எப்பிடித் தெரியும் எண்டதைத்தான் சொல்லுது. சி எண்டா சீரான வளைவு, டி எண்டா பின்பக்கம் கொஞ்சம் தட்டை, வி எண்டா நடுவில மெல்லிய முகடு, யூ எண்டா ரெண்டு தோளும் நிரம்பி உருண்டையா இருக்கும். ஆனா எவ்வளவு தடிப்பு எண்டதை எழுத்து சொல்லாது. ரெண்டு கிற்றாருக்கும் சி எண்டு போட்டிருப்பாங்கள், ஒண்டு முதல் ஃபிரெட்டில (ஃபிரெட் எண்டா நெக்கில குறுக்கால பதிச்ச கம்பி) தடிப்பு 20 மில்லிமீற்றர், மற்றது 23, கையில எடுத்தா ரெண்டும் வேற வேற சாமான். அதால எழுத்தை விட்டிட்டு முதல் ஃபிரெட்டில தடிப்பு, பன்ரெண்டாவதில தடிப்பு, நட் (நெக்கின்ர தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற துண்டு) அகலம், இந்த மூண்டையும் கேளுங்கோ. ஐபனெஸ் கொம்பனியின்ர விசார்ட் 3 நெக் முதல் ஃபிரெட்டில 19, பன்ரெண்டாவதில 21 எண்டு போகும், அது நல்ல மெல்லிசு. இப்பத்தைய ஃபெண்டர் ஸ்ட்ராட் கனக்க முதல் ஃபிரெட்டில 21 பக்கத்தில நிக்கும். கிப்சன் 50கள் பாணி நெக் 23 பக்கம் வந்திடும். நட் அகலம் ஃபெண்டர் 42, கிப்சன் 43, யமஹா பசிஃபிக்கா 112 எண்டா 41. இந்த ஒண்டு ரெண்டு மில்லிமீற்றரை ஆரும் சின்ன விசயம் எண்டு நினைக்க வேண்டாம், கைக்கு உடன தெரியும்.

பழைய ஃபெண்டர் ஆரும் விக்க வந்தா ஒண்டைக் கவனியுங்கோ. 60களில நெக்கின்ர அடியில ஏ, பி, சி, டி எண்டு முத்திரை அடிச்சிருக்கும், அது நட் அகலத்துக்குப் போட்ட எழுத்து, ஷேப்புக்கு இல்லை. விக்கிறவையே மாறிச் சொல்லுவினம்.

நீங்கள் கராஜ் எண்டபடியா வேர்னியர் இருக்கும்தானே. உங்கட அக்கூஸ்டிக்கின்ர கம்பியைத் தளர்த்திப்போட்டு வேர்னியரின்ர ஒரு தாடையைக் கம்பிக்குக் கீழால விட்டு, பலகை மேல இருந்து நெக்கின்ர முதுகு வரைக்கும் அளவுங்கோ, ஃபிரெட் கம்பியில முட்டாம ரெண்டு ஃபிரெட்டுக்கு நடுவில வையுங்கோ. முதல் ஃபிரெட்டில ஒண்டு, ஒன்பதாவதில ஒண்டு. பன்ரெண்டாவதுக்குப் போக வேண்டாம், அக்கூஸ்டிக்கில அங்க குதி (நெக் உடம்போட சேருற தடிச்ச பகுதி) தொடங்கீடும். அந்தக் கணக்கைக் கொண்டு வந்து இஞ்ச போடுங்கோ, பார்த்துச் சொல்லுறன்.

முல்லைக்கரை:
நான் முல்லைத்தீவு. என்ர இடக்கைப் பெருவிரல் முழுசா மடங்காது, காயம் பட்ட கை. எல்லாரும் எனக்கு மெல்லிய நெக்தான் சொல்லித் தந்தவை, எடுத்துப் பார்த்தா அதுதான் ஆகலும் மோசம். ஏனெண்டா நெக் மெல்லிசா இருக்கேக்க பெருவிரலும் மற்ற விரலும் ஒண்டையொண்டு நெரிக்கிற மாதிரி வருது, பிடிக்கிறதுக்கு உள்ள ஒண்டும் இல்லாத மாதிரி, கை தானாவே இறுக்கத் தொடங்கீடும். இப்ப என்னட்ட இருக்கிறது நல்ல நிரம்பின யூ நெக், உள்ளங்கையில அப்பிடியே படுத்துக் கிடக்கும், பெருவிரலுக்கு வேலை குறைவு, ரெண்டு மணித்தியாலம் வாசிச்சாலும் நோகாது.

பெருவிரலை எங்க வைச்சு வாசிக்கிறீங்கள் எண்டதையும் பார்க்க வேணும் தம்பி. நெக்கின்ர முதுகில நேர வைக்கிற ஆளுக்கு தட்டையான டி பிடிக்கும். மேலால சுத்திப் பிடிச்சு ஆறாம் கம்பியைப் பெருவிரலால அமத்துற ஆளுக்கு வி நெக் நல்லா இருக்கும், 1988ல எரிக் கிளாப்டன்ர பேரில ஃபெண்டர் விட்ட ஸ்ட்ராட் சொஃப்ட் விதான். கை சரியில்லை எண்டு மனசை மட்டும் விட்டிடாதேங்கோ. பிளாக் சபாத் எண்ட ரொக் பாண்டின்ர டோனி அயோமி தொழிற்சாலையில வேலை செய்யேக்க வலக்கையில ரெண்டு விரல் நுனி போனவர், இடக்கைக்காரர் எண்டபடியா அதுதான் அவர் ஃபிரெட்டில பிடிக்கிற கை. பிளாஸ்டிக்கில நுனி செய்து மாட்டி, மெல்லிய கம்பி போட்டு வாசிச்சார். கிற்றாரைக் கைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம், அதைத்தான் சொல்ல வந்தனான்.

மாங்குளம்7:
ஒண்டு மட்டும் சொல்லுறன், நெக்கின்ர பின்பக்கம் சற்றின் ஃபினிஷ் எண்டாப் பாருங்கோ. எங்கட வெயிலுக்கு, அதுவும் திருநாள் நேரம் பந்தலுக்குள்ள நிண்டு வாசிக்கேக்க, மினுங்குற கிளொஸ் நெக்கில வேர்வை பட்டா கை ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு நகராது. கிளொஸ் வாங்கினாலும் பரவாயில்லை, மெல்லிய ஸ்கொட்ச்பிரைட் துண்டால பின்பக்கத்தை மட்டும் மெதுவாத் தேய்ச்சா மினுக்கம் போயிடும். ஸ்ரீல் வூல் பாவிக்கிறதெண்டா பிக்கப்பை முதல் டேப்பால மூடிப்போட்டுத் தொடங்குங்கோ, இரும்புத்தூள் காந்தத்தில ஏறினா எடுக்கிறது பெரிய கரைச்சல்.

குளக்கட்டு:
தம்பிக்கு நெக் ஷேப்பில பிரச்சினை இருக்கோ எண்டே எனக்குச் சந்தேகம். எஃப் பிடிக்கேக்க மட்டும் இழுக்குது எண்டா முதல்ல நட்டைப் பாருங்கோ. ரெண்டாம் மூண்டாம் ஃபிரெட்டுக்கு இடையில கம்பியை அமத்திக்கொண்டு முதலாம் ஃபிரெட்டுக்கு மேல வெளிச்சம் எவ்வளவு தெரியுது எண்டு பாருங்கோ. தெரிஞ்சும் தெரியாம ஒரு மயிரிழை இருந்தாச் சரி. நல்லாத் தெரிஞ்சா நட் வெட்டு ஆழம் காணாது, முதல் ஃபிரெட்டில பார் பிடிக்கிறது ஆருக்கும் கஸ்ரம்தான், எந்த ஷேப் நெக் எண்டாலும்.

அடுத்தது நெக் வளைவு. முதல் ஃபிரெட்டில கப்போ (கம்பி எல்லாத்தையும் அமத்துற கிளிப்) போட்டு, நெக் உடம்போட சேருற இடத்து ஃபிரெட்டை ஒரு கையால அமத்தி, எட்டாம் ஃபிரெட்டில இடைவெளி பார்க்க வேணும். ஃபெண்டர் 9.5 இஞ்ச் ரேடியஸுக்கு (விரல் வைக்கிற பலகையின்ர குறுக்கு வளைவு) சொல்லுறது 0.25 மில்லிமீற்றர் மட்டில, கராஜில ஃபீலர் கேஜ் இருந்தா அதாலயே பார்க்கலாம். கூடவா இருந்தா ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) கால் சுத்து இறுக்கிப்போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கோ, ஒரேயடியா முறுக்க வேண்டாம். மாரியில ஈரம் ஏறேக்க நெக் ஒரு மாதிரி நிக்கும், ஆடி ஆவணி காய்ச்சலுக்குள்ள வேற மாதிரி நிக்கும், அதால வருசத்தில ஒருக்கா ரெண்டு தரம் பார்க்கத்தான் வேணும்.

அக்கூஸ்டிக்கில நீங்கள் 12 செட் (ஆகலும் மெல்லிய கம்பி 0.012 இஞ்ச்) போட்டிருப்பீங்கள். எலெக்ரிக்கில 9 செட் போட்டுப் பிடிச்சுப் பாருங்கோ, பாதி நோ அதோடயே போயிடும்.

பரந்தன்சந்தி:
எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு விபரமா ஆரும் எனக்குச் சொன்னதில்லை. அளந்தனான். முதல் ஃபிரெட்டில 22, ஒன்பதாவதில 24, நட் 43. குளக்கட்டு அண்ணை சொன்ன மாதிரி அமத்திப் பார்த்தா முதல் ஃபிரெட்டுக்கு மேல நல்ல வெளிச்சம் தெரியுது, ஆறு கம்பியிலயும். மேல போய் அஞ்சாம் ஃபிரெட்டில பார் பிடிச்சா அவ்வளவா நோகேல்லை, இப்பத்தான் அதைக் கவனிக்கிறன். பெருவிரல் முதுகிலதான் வைக்கிறனான். அப்ப மாமாவுக்கு என்ன சொல்லுறது, ஸ்குவயர் (ஃபெண்டரின்ர மலிவு பிராண்ட்) ஸ்ட்ராட்டோ எபிஃபோன் (கிப்சனின்ர மலிவு பிராண்ட்) லெஸ் போலோ?

வவுனியாக் கம்பி:
அஞ்சாம் ஃபிரெட்டில நோகேல்லை எண்டா தடிப்பு உங்களுக்குப் பிரச்சினை இல்லை தம்பி, 22 உங்கட கைக்குப் பழகினது. அதால 19க்கு இறங்க வேண்டாம், 21 பக்கம் சி எடுங்கோ, பெருவிரல் முதுகில நிக்கிறபடியா கொஞ்சம் தட்டை எண்டாலும் நல்லம். விரல் நீளத்துக்குத்தான் ஸ்கேல் (நட்டில இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்) பார்க்க வேணும். ஸ்ட்ராட் 648 மில்லிமீற்றர், லெஸ் போல் 628 சொச்சம். நட்டில இருந்து நாலாம் ஃபிரெட் வரைக்கும் ஸ்ட்ராட்டில 134 மில்லிமீற்றர் வரும், லெஸ் போலில 130. நாலு விரலையும் விரிக்கேக்க அந்த 4 மில்லிமீற்றர் உதவி செய்யும், அதே கம்பி லெஸ் போலில கொஞ்சம் இளகியும் இருக்கும். ஆனா லெஸ் போல் பாரம், பூசை முழுக்க நிண்டு வாசிக்கிற ஆள் எண்டா தோள் சொல்லும். கோட்தான் கூட வாசிக்கிறீங்கள் எண்டா 9.5 ரேடியஸ் வளைவு பார் பிடிக்கச் சுகம், சோலோவில கம்பியை இழுத்து வளைக்கிறவைக்கு 12 நல்லம்.

நான் உங்கட இடத்தில எண்டா ஸ்ட்ராட்தான் சொல்லுவன். சொல்ல முதல் கிளிநொச்சியில ஆரிட்டையாவது இருக்கிற ஒண்டை வாங்கி, ஸ்ட்ராப் போட்டு நிண்டுகொண்டு அரை மணித்தியாலம் எஃப் பிடிச்சு வாசிச்சுப் பாருங்கோ. கடையில அஞ்சு நிமிசம் பிடிச்சா எல்லா நெக்கும் நல்லாத்தான் இருக்கும்.

குளக்கட்டு:
அக்கூஸ்டிக்கின்ர நட்டை நான் ஃபைல் பிடிச்சுத் தாறன், நான் இரணைமடுப் பக்கம்தான், ஞாயிறு பின்னேரம் வாங்கோ. கம்பியைக் கழட்டிப்போட்டுக் கொண்டு வந்திடாதேங்கோ, பூட்டி டியூன் பண்ணி இருந்தாத்தான் உயரம் சரியாப் பார்க்கலாம்.