பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் பவர் டிரான்ஸ்ஃபார்மரை அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். என்னிடம் ஒரு பழைய வால்வு கிட்டார் ஆம்ப் இருக்கிறது. ஒலியைப் பெருக்க இரண்டு 6எல்6 வால்வுகள், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையருக்கு ஒரு ஜிஇசட்34 வால்வு. உள்ளே ஒட்டியிருந்த வால்வு அட்டவணை எப்போதோ உதிர்ந்துவிட்டது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் மூடியில் துரு ஏறி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் "606-6" என்று தெரிகிறது. இது யார், எப்போது தயாரித்தார்கள் என்பதைக் காட்டும் குறியீடு. அடுத்து வாரத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள் போயேபோய்விட்டன. பாகத்தின் எண்ணும் இல்லை.

606 என்றால் ஷூமாக்கர் (Schumacher) என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. அடுத்த 6 ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே, அதனால் 1956-ஆ 1966-ஆ என்பதுதான் என் குழப்பம்.

வால்வுகளைக் கழற்றிவிட்டு, கரண்ட் அதிகமாகப் பாயாமலிருக்க ஒரு பல்பைத் தொடராக இணைத்து அளந்தேன். பச்சை வயர்களில் 6.8 வோல்ட், மஞ்சளில் 5.4, இரு சிவப்புக்கும் இடையே 660. சிவப்பு-மஞ்சள் கோடு போட்டது நடு டேப், அதாவது அந்தச் சுருளின் நடுவிலிருந்து வரும் வயர்.

வோல்ட்டேஜை வைத்து மட்டும் எத்தனை மில்லி ஆம்பியர் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இதே போன்ற ஆம்ப் வைத்திருப்பவர்கள் இரும்புத் தகடு அடுக்கின் தடிமனையும், கரண்ட்டை நிறுத்தி கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தபின் சிவப்பு வயர்களின் ஓம் அளவையும் சொல்ல முடியுமா? இது ஒரிஜினல்தானா என்று தெரியாமல் வால்வுகளை மாட்ட மனம் வரவில்லை.