பணக்காரர் தெரியாமல் பட்டாளத்தில் சேரும் பழைய படம், பெயர் தெரியுமா?

மணல்மேடு: வணக்கம் நண்பர்களே. சின்ன வயதில் மாமா வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் பார்த்தேன். ஒரு பணக்காரர் டிரைவர் தேடி ஓர் அலுவலகத்துக்குள் நுழைவார், அது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடம், மாட்டிக்கொண்ட பிறகுதான் விஷயமே புரியும். முகத்தில் சிரிப்பே வராது. மாமா இப்போது இல்லை. அவரோடு பார்த்த படம் என்பதால் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும்.

டென்ட்கொட்டாய்: சிரிக்காத முகம் என்றால் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன்தான். படம் 'டோபாய்ஸ்', 1930, எம்ஜிஎம் தயாரிப்பு, இயக்கம் எட்வர்ட் செட்ஜ்விக். முதல் உலகப் போர்க் கதை. அவருடைய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட, வேறு ஆள் பிடிக்கப் போய் இவரே சிக்கிக்கொள்வார். எந்நேரமும் கத்தும் அந்த சார்ஜென்ட், எட்வர்ட் பிராஃபி.

பழையரீல்: ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கீட்டன் நிஜமாகவே 1918இல் அமெரிக்கப் படையில் பிரான்சுக்குப் போனவர். அங்கே காதில் வந்த தொற்றில் கேட்கும் திறன் கொஞ்சம் போய், கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. அதனால்தான் பயிற்சி மைதானக் காட்சிகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும், எதற்கு என்று தெரியாமலே கட்டளைக்கு ஆடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர் நடித்தது. ஸ்பானிஷ் மொழியிலும் இதே கதையைத் தனியாக எடுத்தார்கள், அதிலும் அவரே நடித்தார். அப்போது டப்பிங் வசதி சரியாக வரவில்லை.

கோடம்பாக்கம்_கண்ணன்: படம் முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பேசும்படத்தில் கீட்டனைத் தேவையில்லாமல் நிறையப் பேசவிட்டு எம்ஜிஎம் அவர் பலத்தையே குறைத்துவிட்டது, அவருடைய ஊமைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அது வலிக்கும். ஆனால் அந்த உகுலேலே (சின்ன கிட்டார் மாதிரி வாத்தியம்) காட்சி! கூட நடித்த கிளிஃப் எட்வர்ட்ஸ் தந்தியை அழுத்திப் பிடிக்க, கீட்டன் குச்சியால் அதன் மேல் தாளம் தட்டுவார். 1940இல் டிஸ்னியின் 'பினோக்கியோ' கார்ட்டூன் படத்தில் ஜிமினி கிரிக்கெட் என்ற சில்வண்டுக்குக் குரல் கொடுத்தவர் இந்த எட்வர்ட்ஸ்தான்.

மணல்மேடு: இதேதான்! ரொம்ப நன்றி. குச்சி என்றதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. படம் முடிந்ததும் மாமா சமையலறையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து வந்து, என்னிடம் தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதே மாதிரி தட்டிக் காட்டினார், அத்தை வந்து பிடுங்கும்வரை.